இருண்டதெல்லாம் பேயன்று: பூசணியும் கூகையும் வௌவாலும் பின்னுவோம்

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பது பழமொழி. தோட்டப்புற மக்களாகிய நமக்கு இதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் பெற்றோரும், இரவில் லயத்துத் திண்ணையில் கதை கேட்கும் பிள்ளைகளும் செம்பனை வரிசைகளுக்கிடையே எழும் கூகையின் அலறலைக் கேட்டு ஒருமுறையேனும் நடுங்கியிருப்பர். கூகை அலறினால் வீட்டில் சாவு நிகழும் என்று அஞ்சி, அதனைக் கல்லெறிந்து விரட்டியவர்களும் நம்மிடையே உண்டு. அந்த அச்சத்தைக் கைவேலையால் போக்கிக்கொள்ளும் வழியொன்றை இக்கட்டுரையில் காண்போம்.

மேலை நாட்டார் அச்சத்தையே விழாவாகக் கொண்டாடுவர். ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் வரும் அவ்விழா ‘ஹாலோவீன்’ எனப்படும். மறுநாளாகிய நவம்பர் 1, கிறிஸ்தவர்கள் புனிதர் அனைவரையும் நினைவுகூரும் நாள். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அன்று கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றி வழிபடுவர். நாமும் தீபாவளிக்கு முன்னாள் மறைந்த முன்னோர்க்குப் படையலிடுகிறோம். இறந்தோரை நினைக்கும் பண்பு எல்லா மக்களுக்கும் பொதுவானது என்பதை இதனால் அறியலாம்.

அயர்லாந்து நாட்டு மக்கள் முற்காலத்தில் கிழங்கினைக் குடைந்து முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றித் தீய ஆவிகளை விரட்ட முயன்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் பெருந்திரளாக அமெரிக்காவில் குடியேறியபோது, குடைவதற்கு எளிதான பூசணி அங்கே கிடைத்தது. அதுவே இன்று அவ்விழாவின் சின்னமாக விளங்குகிறது. நாமோ கண்ணேறு கழியப் பூசணிக்காயை உடைக்கிறோம். கடல்களால் பிரிந்த இரு மக்களும் பூசணி வகைக் காயைக் கொண்டு தீமையை அகற்ற எண்ணியது வியப்பன்றோ! நம் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் லாபு என்றோர் ஊர் உண்டு. மலாய்மொழியில் அச்சொல் பூசணியையும் சுரையையும் குறிக்கும்.

மேலை நாட்டுப் பெண்டிரும் சிறாரும் அவ்விழாவை முன்னிட்டுப் பூசணி, ஆந்தை, வௌவால் முதலியவற்றைக் கம்பளி நூலால் பின்னி மகிழ்வர். அவற்றையே நாமும் பின்னுவோம். அவற்றின் மெய்யான இயல்பையும் கற்போம்.

தேவையான பொருள்கள்

நடுத்தரப் பருமனுள்ள நூல் வேண்டும். நம் நாட்டு வெப்பத்திற்குப் பருத்தி நூலே ஏற்றது. 4 மில்லிமீட்டர் பருமனுள்ள பின்னல் ஊசிகள் இரண்டு வேண்டும். அவை கிட்டாவிடில், சீனர் உணவுக்குப் பயன்படுத்தும் மூங்கில் குச்சிகளின் முனையைச் சற்றே சீவி, மணல்தாளால் தேய்த்து, மெழுகு பூசிக்கொள்ளலாம். உள்ளே அடைக்க இலவம்பஞ்சும், தைப்பதற்குப் பெரிய காதுள்ள ஊசியும் போதும்.

அடிப்படைப் பின்னல்

நூலில் ஒரு சுருக்கு முடிச்சிட்டு இடக்கை ஊசியில் மாட்டுவோம். இதுவே முதற் கண்ணி. வலக்கை ஊசியை அக்கண்ணிக்குள் நுழைத்து, அதன் முனையில் நூலைச் சுற்றி இழுத்தால் புதுக் கண்ணியொன்று பிறக்கும். அதனையும் இடக்கை ஊசியிலேயே மாட்டுவோம். இவ்வாறு வேண்டிய அளவு கண்ணிகளை ஏற்றிக்கொள்வோம்.

அடுத்து வரி பின்ன வேண்டும். முன்போலவே புதுக் கண்ணியை இழுத்து, அதனை வலக்கை ஊசியிலேயே விட்டு, பழைய கண்ணியை இடக்கை ஊசியிலிருந்து நழுவவிடுவோம். எல்லாக் கண்ணிகளும் வலக்கை ஊசிக்கு மாறியதும் ஒரு வரி நிறைவுறும். ஊசிகளைக் கைமாற்றி அடுத்த வரியைத் தொடங்குவோம். இரண்டு வரிகள் சேர்ந்து ஒரு மேடாகத் தெரியும். ஆகவே மேடுகளை எண்ணினால் வரிக்கணக்கு தவறாது. முடிக்கும்போது இரண்டு கண்ணிகளைப் பின்னி, முதற் கண்ணியை இரண்டாவதன்மேல் தூக்கி ஊசியிலிருந்து விடுவோம். மேலும் ஒன்று பின்னி அவ்வாறே செய்வோம். இறுதிக் கண்ணிக்குள் நூலை நுழைத்து இறுக்கினால் பின்னல் பிரியாது.

பூசணி

செம்மஞ்சள் நூலில் 20 கண்ணிகள் ஏற்றி, 80 வரிகள், அதாவது 40 மேடுகள், பின்னி முடிப்போம். ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் நீளமும் உள்ள துண்டு கிடைக்கும். தொடக்க வரியையும் இறுதி வரியையும் சேர்த்துத் தைத்தால் அது குழாய் வடிவம் பெறும். அடிவாயில் நூல் ஓட்டி இழுத்து மூடி, பஞ்சடைத்து, மேல்வாயையும் அவ்வாறே மூடுவோம். பின்னல் மேடுகள் மேலிருந்து கீழாக ஓடிப் பூசணியின் வரிகளைப் போலவே காட்சியளிக்கும். பச்சை நூலில் 6 கண்ணிகள், 8 வரிகள் பின்னிச் சுருட்டித் தைத்தால் காம்பு ஆயிற்று. இச்சிறு பூசணியின் உடலில் மட்டும் எத்தனை கண்ணிகள் உள்ளன? 20ஐ 80ஆல் பெருக்கினால் 1,600! பொறுமைக்கு இதனினும் நல்ல பாடம் வேறில்லை.

கூகை

மஞ்சள் கலந்த பழுப்பு நூலில் அதே அளவுத் துண்டைப் பின்னிக் குழாயாகத் தைப்போம். மேல்வாயைச் சுருக்கி மூடி, பஞ்சடைத்து, அடிவாயை நேராகத் தைப்போம். படங்களில் ஆந்தைக்குக் கொம்பு போன்ற காதுகளைக் காண்கிறோம். கூகைக்கோ அவை இல்லை. அதன் முகம் இதய வடிவினது, வெண்ணிறமானது. எனவே வெள்ளைத் துணியை அவ்வடிவில் வெட்டித் தைத்து, கறுப்பு நூலால் கண்களை இடுவோம். பொத்தான் வேண்டா; தம்பி தங்கையர் பிய்த்து விழுங்கிவிடக்கூடும்.

கூகை யாருக்குப் பகை? எலிக்கே பகை. எலிகள் செம்பனைக் குலைகளைக் கடித்துப் பாழாக்குகின்றன. 1970ஆம் ஆண்டுகளிலிருந்து ஆய்வாளர்கள் கூகையின் பயனை ஆராய்ந்தனர். பின்னர்ப் பல தோட்டங்களில் கம்பத்தின்மேல் மரப்பெட்டி அமைத்து அதற்கு வீடு கொடுத்தனர். ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் ஓராண்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் எனக் கணக்கிட்டுள்ளனர். அதன் அலறல் சாவின் அறிவிப்பன்று. தன் இணையை அழைப்பதற்கும் தன் இடத்தைக் காப்பதற்கும் எழுப்பும் குரலே அது. சிலவகை எலி நஞ்சுகளை உண்ட எலியைத் தின்றால் கூகையும் மாளும். நமக்காக இரவெல்லாம் உழைக்கும் பறவையைக் கல்லாலும் நஞ்சாலும் கொல்வது முறையாகுமா?

வௌவால்

கறுப்பு நூலில் 10 கண்ணிகள், 40 வரிகள் பின்னிப் பூசணியைப் போலவே சிறு உருண்டை செய்வோம். இது உடல். பிறகு 30 கண்ணிகள் ஏற்றி 16 வரிகள் பின்னி, அத்துண்டின் நடுவை நூலால் இறுகக் கட்டினால் இருபுறமும் சிறகு விரியும். அதனை உடலின் பின்புறம் தைத்து, தலையில் நூலால் இரு காதுகள் இடுவோம்.

பத்துமலைக் குகையில் வாழும் வௌவால்களுள் ஒருவகை பூந்தேனை உண்பது. டுரியான் மலர் அந்தியில் விரிந்து விடியுமுன் உதிரத் தொடங்கும். பெத்தாய் மலரும் இரவு விருந்தாளியையே நம்பியுள்ளது. தேன் குடிக்க வரும் வௌவால் உடலில் ஒட்டிய மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டு சேர்க்கிறது. அதனால்தான் காய் பிடிக்கிறது. நாம் சுவைத்துண்ணும் டுரியானில் வௌவாலின் உழைப்பும் கலந்துள்ளது!

பெற்றோரே, பின்னல் பெண்களுக்கே உரியது என்று எண்ணி ஆண்பிள்ளைகளை ஒதுக்கிவிடாதீர்கள். எண்ணவும், பொறுக்கவும், தவறினால் பிரித்து மீண்டும் பின்னவும் இருபாலாரும் கற்க வேண்டும். மாணவச் செல்வங்களே, நாம் பின்னிய கூகையைத் தலைமாட்டில் வைத்து உறங்குவோம். நள்ளிரவில் வெளியே மெய்யான கூகை அலறினால், அருகில் படுத்திருக்கும் தம்பிக்கு, ‘அஞ்சாதே, அது நம் தோட்டத்துக் காவல்காரர்’ என்று சொல்வோம். அவ்வாறு சொல்லும் நாளில் இப்பாடம் முழுமை பெறும்.