கடிதத்துக்கு முன் அட்டவணை

பத்தாம் வகுப்புப் பெற்றோர் கூட்டத்துக்காக ஒருமுறை 42 அழைப்புக் கடிதங்களை 'மெயில் மெர்ஜ்' வசதி மூலம் அரை மணி நேரத்தில் அச்சிட்டேன். மறுநாள் காலை ஒரு மாணவி தன் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "டீச்சர், அப்பா இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு. அம்மா பேருக்கு மாத்தித் தர்றீங்களா?" என்றாள். கணினி தவறு செய்யவில்லை. நான் கொடுத்த பழைய பட்டியலை அப்படியே கடிதத்தில் சேர்த்திருந்தது. அன்று முதல் அட்டவணையைச் சரிசெய்த பிறகே கடிதத்தைத் தொடுகிறேன்.

அட்டவணை அமைப்பு

எக்செல் தாளின் முதல் நிரையில் தலைப்புகள் மட்டும் இருக்கட்டும். அதற்கு மேல் பள்ளியின் பெயரை எழுதுவதோ, கட்டங்களை இணைப்பதோ வேண்டாம். ஒரு மாணவருக்கு ஒரு நிரை, ஒரு விவரத்துக்கு ஒரு நிரல் என்பதே விதி. நடுவில் வெற்று நிரை கூடாது.

மாணவர் பெயர், வகுப்பு, பிறந்த தேதி, திரு/திருமதி, கடிதம் பெறுபவர், உறவு, தெரு, ஊர், அஞ்சல் குறியீட்டு எண் எனத் தனித்தனி நிரல்கள் அமைக்கலாம். 'தந்தை பெயர்' நிரலை முகவரிக்குப் பயன்படுத்த வேண்டாம். சில பிள்ளைகளுக்குத் தாயோ பாட்டியோதான் பாதுகாவலர். 'உறவு' நிரலில் மகன், மகள், பேரன், பேத்தி என்று நிரப்பலாம்.

கவனிக்க வேண்டியவை

1. தேதி: 07.06.2010 என்பது வேர்டில் 6/7/2010 என மாதம் முன்னதாக வரக்கூடும். தட்டச்சு செய்யும் முன்பே அந்த நிரலை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பூஜ்ஜியத்தில் தொடங்கும் எண்களுக்கும் இதுவே வழி. இல்லையேல் முன்னுள்ள பூஜ்ஜியம் மறைந்துவிடும்.

2. எழுத்துரு: பெயர்கள் பழைய எழுத்துருவிலும் கடிதம் யுனிகோடிலும் இருந்தால், பெயர்கள் புரியாத குறிகளாக வரும். இரண்டும் யுனிகோடில் இருக்கட்டும்.

3. வேற்றுமை உருபு: கணினிக்குப் புணர்ச்சி தெரியாது. பெயரை அடுத்து 'இன்' என்று எழுதினால் 'முருகன்இன்', 'கவிதாஇன்' என்றே அச்சாகும். "தங்கள் மகள் கவிதா பத்தாம் வகுப்பில் பயில்கிறார்" என்பதுபோல, பெயர் உருபின்றி நிற்கும்படி வாக்கியத்தை அமையுங்கள்.

இணைத்தல்

வேர்டில் 'மெயிலிங்ஸ்' பகுதிக்குச் சென்று, 'செலக்ட் ரெசிபியன்ட்ஸ்' வழியாக எக்செல் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். 'இன்சர்ட் மெர்ஜ் ஃபீல்டு' மூலம் உரிய இடங்களில் தலைப்புகளைச் செருகுங்கள். 'பிரிவியூ ரிசல்ட்ஸ்' கொடுத்துச் சில கடிதங்களைப் பாருங்கள். பிறகு 'ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்' பகுதியில், நேராக அச்சிடாமல், 'எடிட் இண்டிவிஜுவல் டாக்குமென்ட்ஸ்' கொடுத்தால் எல்லாக் கடிதங்களும் ஒரே கோப்பாகக் கிடைக்கும்.

அச்சிடும் முன், வகுப்பாசிரியரை அருகில் அமர்த்திக்கொண்டு ஒவ்வொரு பெயரையும் வாசித்துக் காட்டுங்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். எங்கள் பள்ளியில் இதற்குப் பதினைந்து நிமிடம் ஆகிறது. அதன்பின் எந்தப் பிள்ளையும் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவரவில்லை.