வழிகாட்டும் பட்டியில் தனி இணைப்பு

திருப்பதியிலிருந்து திருச்சானூருக்கு வரும் சாலையோரம் சிறிது நேரம் நின்று, வெளியூரார் வழி கேட்பதைக் கவனித்தால் ஒன்று விளங்கும். சென்னையிலிருந்து வருபவர் "தாயார் கோயில் எந்தப் பக்கம்?" என்பார். வயதில் மூத்தவர் "அலமேலுமங்காபுரம் போகணும்" என்பார். தெலுங்கு அன்பர் "பத்மாவதி அம்மவாரி குடி" என்று கேட்பார். மூவரும் போய்ச் சேருவது ஒரே கோயிலுக்குத்தான். இடம் ஒன்று, அதற்கு வழங்கும் பெயர்கள் பல.

இணையத்தளத்தின் பட்டியில் இணைப்புச் சேர்ப்பது பற்றி எழுதப் புகுந்தவன் வழி கேட்போரிடம் ஏன் தொடங்குகிறான் என்று மாணவ நண்பர்கள் எண்ணலாம். காரணம் உண்டு. நான் சேர்த்த ஓர் இணைப்பை நம்பிச் சென்ற இருவர் வழி தவறிப் போனார்கள். அதனை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு பாடத்துக்கு வருகிறேன்.

என் தாய்மாமன் திருச்சானூரில் யாத்திரிகர்களுக்கு அறை விடும் சிறு விடுதி ஒன்றை நடத்துகிறார். அறைகள் எட்டே. கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் நிறைவில் பஞ்சமி தீர்த்தம் வரும்போது திண்ணையும் அறையாகிவிடும். 2022 ஆம் ஆண்டில் அவருக்கு வேர்டுபிரஸ் மென்பொருளைக் கொண்டு ஓர் இணையத்தளம் அமைத்துக் கொடுத்தேன். அவ்வாண்டு ஏப்ரலில்தான் எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்தை விட்டுப் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. விடுதியின் பெயர்ப்பலகையில் மாவட்டம் மாறுமுன்பே தளத்தில் மாற்றிவிட்டேன் என்று பெருமை பேசித் திரிந்த காலம் அது.

தளத்தின் தலைப்பில் ஒரு பட்டி. பட்டி என்றதும் மாட்டுப்பட்டியை நினைக்க வேண்டா. மெனு என்று எல்லாரும் சொல்லுகிறார்களே, அதுதான். அறைகள், வாடகை, வரும் வழி என்பவற்றோடு 'தரிசனம்' என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்தேன். திருமலையில் 300 ரூபாய்ச் சிறப்பு நுழைவுத் தரிசனத்துக்கு முன்பதிவு செய்யும் பக்கத்துக்கு அது செல்ல வேண்டும். தேடுபொறியில் தேடினேன்; மேலே வந்து நின்ற முகவரியைப் படியெடுத்தேன்; ஒட்டினேன். இரவு பதினொரு மணி. ஒட்டிய முகவரியை ஒருமுறை படித்துப் பார்க்கவும் இல்லை.

அடுத்த ஆண்டு ஆரணியிலிருந்து ஒரு முதிய தம்பதியர் வந்து தங்கினர். எங்கள் பட்டியிலிருந்த 'தரிசனம்' என்னும் சொல்லை அழுத்தி, 300 ரூபாய்க்கும் மேலாகவே பணம் கட்டி, அச்சிட்ட தாளோடு மலைக்குச் சென்றவர்கள், அந்தத் தாள் செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். நான் இணைத்தது யாரோ ஓர் இடைத்தரகரின் தளம். மாமா தம் கையிலிருந்து அவர்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என்னை அவர் திட்டவில்லை. "நம்ம போர்டு காட்டுன வழியிலதானே மாப்ளே அவங்க போனாங்க?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் இக்கலை எனக்குப் புரியத் தொடங்கியது.

இனிப் பாடம். வேர்டுபிரஸில் பட்டியை நாமே அமைத்துக்கொள்ளும் வசதி 2010 ஆம் ஆண்டில் வெளியான 3.0 பதிப்பில் வந்தது. நிர்வாகப் பகுதியில் 'அப்பியரன்ஸ்' என்பதன்கீழ் 'மெனூஸ்' என்றிருக்கும். அங்கே இடப்பக்கம் தளத்திலுள்ள பக்கங்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் அருகே 'கஸ்டம் லிங்க்ஸ்' என்று ஒரு பெட்டி. அதனைத் திறந்தால் இரண்டே கட்டங்கள். 'யூஆர்எல்' என்னும் கட்டத்தில் முகவரி; 'லிங்க் டெக்ஸ்ட்' என்னும் கட்டத்தில் அம்முகவரிக்கு நாம் இடும் பெயர். 'ஆட் டு மெனு' என்பதை அழுத்தினால் பட்டியின் அடியில் அது சேரும். பிடித்து இழுத்து வேண்டிய இடத்தில் வைக்கலாம். சற்று வலப்பக்கம் நகர்த்தினால் மேலுள்ளதன் கிளையாகிவிடும். இறுதியில் 'சேவ் மெனு'. இதனை மறந்து, செய்த வேலையெல்லாம் போயிற்றே என்று வருந்துவோர் பலர். யானும் அவருள் ஒருவன். 2022 இல் வந்த 5.9 பதிப்புக்குப் பின், புதுவகை வார்ப்புகளைப் பயன்படுத்துவோர்க்கு இந்த இடம் மாறி, 'எடிட்டர்' என்பதனுள்ளே 'நேவிகேஷன்' என்று இருக்கும். இடம் வேறாயினும் கேட்பவை அதே இரண்டுதான்: பெயரும் முகவரியும்.

தளத்தின் பக்கங்களைச் சேர்ப்பதற்கும் தனி இணைப்பைச் சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. பக்கத்தைப் பட்டியில் சேர்க்கும்போது, மென்பொருள் அந்தப் பக்கத்தின் எண்ணை நினைவில் வைத்துக்கொள்கிறது. நாளை பக்கத்தின் முகவரியை மாற்றினாலும் பட்டி தானே திருந்திவிடும். பக்கத்தை அடியோடு நீக்கினால் பட்டியிலிருந்தும் பெயர் போய்விடும். தனி இணைப்போ வெறும் எழுத்துத் தொடர். நாம் எழுதியது எழுதியபடியே கிடக்கும். அது செல்லும் இடம் இடிந்ததா, வேறு கைக்கு மாறியதா என்று மென்பொருள் பார்ப்பதில்லை. ஆகவே நம் தளத்துக்குள்ளேயே இருக்கும் பக்கத்துக்குத் தனி இணைப்பு இடுவது வீண் வேலை. வெளியே செல்லும் வழிக்கே அது உரியது.

அப்படியானால் முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். தமிழை இடமிருந்து வலமாகப் படிக்கும் நாம், தளத்தின் பெயரை வலமிருந்து இடமாகப் படிக்கப் பழகுவது நன்று. முதற் சாய்கோட்டுக்கு முன்னே நிற்கும் கடைசிப் பகுதிதான் உரிமையைச் சொல்லும். அன்று திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முகவரி 'திருப்பதிபாலாஜி.ஏபி.கவ்.இன்' என்று முடிந்தது. 'கவ்.இன்' என்னும் முடிவு அரசுசார் அமைப்புகளுக்கே வழங்கப்படுவது. 2023 ஆம் ஆண்டில் தேவஸ்தானத்தின் புகாருக்கு உள்ளான ஒரு போலித் தளத்தின் பெயரோ 'திருப்பதிபாலாஜி-ஏபி-கவ்.ஆர்க்'. புள்ளி இருந்த இடங்களில் சிறு கோடு! இடப்பக்கமிருந்து படிப்பவன் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வலப்பக்கமிருந்து படித்தால் முதற் சொல்லிலேயே வேடம் கலைந்துவிடும். இத்தனை எளிய செய்தியை ஆரணிப் பெரியவர் அறிந்திருக்க வேண்டும் என்று யான் எதிர்பார்க்க இயலாது. வழிகாட்டும் பலகையை நட்டவன் நான்; அறிந்திருக்க வேண்டியவனும் நானே.

முகவரியைத் தமிழில் எழுதலாமா என்று சிலர் கேட்பர். எழுதலாம், ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. 'திருச்சானூர்' நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது உயிர்க்குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 12 குறியீடு. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று குறிகளாக விரியும். ஆக 108. வைணவத் திருப்பதிகளின் தொகை போல அமைந்தது தற்செயலே. பக்கத்தின் பெயர்ப்பகுதிக்கு வேர்டுபிரஸ் ஒதுக்கும் இடம் 200 குறிகள்தான். எனவே 22 தமிழ்க் குறியீட்டுக்கு மேல் நீண்டால் வெட்டுப்படும். முகவரியைச் சுருக்கமாக ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, பட்டியில் காணும் பெயரை நல்ல தமிழில் எழுதுவதே என் வழக்கம்.

அப்பெயரிலும் நான் தவறியிருந்தேன். 'தரிசனம்' என்றால் எந்தத் தரிசனம்? திருமலையிலா, திருச்சானூர்த் தாயார் கோயிலிலா? அழுத்தினால் பணம் கட்டும் இடம் வருமா, நேரம் மட்டும் தெரியுமா? இப்போது 'திருமலை முன்பதிவு (தேவஸ்தானத் தளம்)' என்று எழுதியிருக்கிறேன். நீளந்தான். ஆயினும் எங்கள் தளத்தை விட்டு வெளியே போகிறோம் என்பது அழுத்துமுன்பே தெரிந்துவிடுகிறது. 'வரும் வழி' என்பதில் மூன்று பெயர்களையும் போட்டேன். சாலையில் வழி கேட்டோர் கற்பித்தது அது.

தனி இணைப்பு வேறு சில உதவிகளும் செய்யும். முகவரிக் கட்டத்தில் 'டெல்:' என்று தொடங்கி, +91 சேர்த்துத் தொலைபேசி எண்ணை எழுதினால், கைப்பேசியில் அழுத்தியவுடன் அழைக்கும் திரை வந்து நிற்கும். விடுதிக்கு இதைவிடப் பயனுள்ள இணைப்பு வேறில்லை. கிளைகளுக்குத் தலைப்பாக மட்டும் ஒரு சொல் வேண்டுமானால், முகவரிக்குப் பதில் # குறியை இடலாம். அழுத்துபவர் எங்கும் போகமாட்டார். நீண்ட பக்கமானால் உச்சிக்குத் தாவி விழிப்பார். ஆகையால் இதனை யான் விரும்புவதில்லை.

சோதனை பற்றி ஒரு சொல். தளத்தை அமைத்தவன் உள்ளே நுழைந்த நிலையில் எல்லாக் கதவும் திறந்தே இருக்கும். வாடகை அட்டவணையை ஒருமுறை என் கூகுள் கோப்பிலிருந்து இணைத்தேன்; எனக்கு அழகாகத் திறந்தது. மற்ற யாருக்கும் 'அனுமதி வேண்டும்' என்று நின்றது. அதனால் உலாவியின் மறைநிலைச் சாளரத்தில், அல்லது பிறர் கைப்பேசியில் அழுத்திப் பார்க்க வேண்டும்.

2024 ஜனவரியில் தேவஸ்தானம் தன் தளத்தின் பெயரை 'டிடிதேவஸ்தானம்ஸ்.ஏபி.கவ்.இன்' என்று மாற்றியது. அதனை எனக்கு முதலில் சொன்னவர் மாமாதான். ஒவ்வொரு மாதமும் முதல் நாள், கணக்கு நோட்டைத் திறக்குமுன், பட்டியிலுள்ள ஒவ்வொன்றையும் தம் கைப்பேசியில் அழுத்திப் பார்க்கிறார். வலமிருந்து இடமாகவும் படிக்கிறார். "கடைசியில 'இன்' இருக்கு, அதுக்கு முன்ன 'கவ்' இருக்கு, ஆனா முன்பக்கம் பேரு வேற மாதிரி இருக்கே, சரியா பாரு மாப்ளே" என்றார். தேவஸ்தானத்தின் அறிவிப்பைத் தேடிப் படித்து, அதில் கண்டபடி எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு மாற்றினேன். பிறகு அவரே இன்னொருமுறை அழுத்திப் பார்த்தார்.