பெரிய பம்பும் பாதி மூடிய வால்வும்: ஓட்டத்தைக் குறைக்க எந்த வழி?

ஆலைகளில் ஓடும் மையவிலக்குப் பம்புகள் பலவும் செய்ய வேண்டிய வேலைக்குப் பெரியவை. வடிவமைப்பவர் பாதுகாப்புக்கென்று கொஞ்சம் கூட்டுவார். சரிபார்ப்பவர் தம் பங்குக்குக் கொஞ்சம் கூட்டுவார். அந்த அளவு பட்டியலில் இல்லையென்று வாங்குபவர் அடுத்த பெரிய அளவை எடுப்பார். பம்பை ஓட்டிப் பார்த்தால் தண்ணீர் தேவைக்கு மேல் வரும். வெளியேற்றும் குழாயின் வால்வைப் பாதி மூடுவார்கள். அது ஆண்டுக்கணக்கில் அப்படியே நிற்கும்.

அந்த வால்வு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதை இரண்டு பிரஷர் கேஜ்களை வைத்தே கண்டுபிடிக்கலாம். மணிக்கு 100 கனமீட்டர் தண்ணீர் போகும் குழாயில், வால்வுக்கு முன்னும் பின்னும் 1.5 பார் வேறுபாடு இருந்தால், அங்கே வீணாகும் ஆற்றல் ஏறத்தாழ 4.2 கிலோவாட். பம்பின் திறன் 70 விழுக்காடு, மோட்டாரின் திறன் 90 விழுக்காடு என்று கொண்டால், அதற்காக இழுக்கப்படும் மின்சாரம் 6.6 கிலோவாட். ஆண்டுக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 40,000 யூனிட்டை நெருங்குகிறது. மிகுந்த தண்ணீரை பைபாஸ் குழாய் வழியே தொட்டிக்கே திருப்பிவிடுவது இதைவிட மோசம். ஓட்டம் குறைந்தாலும் அங்கே பம்பின் சுமை குறைவதே இல்லை.

மாற்று வழிகள் மூன்று: இம்பெல்லரைக் கடைந்து சிறிதாக்கலாம், மோட்டாரின் வேகத்தைக் குறைக்கலாம், சிறிய பம்புக்கு மாறலாம். எது பொருந்தும் என்பது இரண்டு கேள்விகளைப் பொறுத்தது. தண்ணீரின் தேவை ஒரே அளவில் நிற்கிறதா, மாறிக்கொண்டே இருக்கிறதா? பம்பின் அழுத்தம் தண்ணீரை மேலே ஏற்றுவதற்குச் செலவாகிறதா, குழாயின் உராய்வை வெல்வதற்கா?

தேவை ஒரே அளவில் நிற்கும் இடத்தில் இம்பெல்லரைக் கடைவதே மலிவான தீர்வு. செலவு ஒரு லேத் பட்டறையின் கூலியும் பேலன்ஸ் பார்க்கும் கூலியும்தான். விட்டத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால் மின்சுமை தோராயமாகக் கால்பங்கு இறங்கும். ஆனால் கடைந்ததை ஒட்ட முடியாது. மேலும், ஓட்டம் பெரும்பாலும் கணக்கு சொல்வதைவிடச் சற்று அதிகமாகவே குறையும். ஆகவே ஒரே மூச்சில் முழு அளவுக்கு வெட்டாமல் இரண்டு தடவையாக வெட்டுவது நல்லது. உதிரி இம்பெல்லர் ஒன்றைக் கடைந்து பூட்டிவிட்டு, பழையதை ஸ்டோரில் வைத்திருப்பது அதைவிட நல்லது. முழு விட்டத்தில் 75 முதல் 80 விழுக்காட்டுக்குக் கீழே பொதுவாகப் போவதில்லை. அதற்குமேல் குறைத்தால் பம்பின் திறன் சரிந்துவிடும்.

மோட்டாரின் வேகத்தைக் குறைக்க உதவும், வி.எஃப்.டி. எனப்படும் டிரைவ் இப்போது எல்லா நோய்க்கும் மருந்தாக விற்கப்படுகிறது. அதன் புகழ் ஒரு சூத்திரத்தால் வந்தது: பம்பின் சுமை வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் சுமை 51 விழுக்காடாகும். குளிர்நீர் ஒரே வளையத்தில் சுற்றிவரும் குழாயமைப்பில், எல்லாமே உராய்வு என்பதால், இது ஏறக்குறைய அப்படியே பலிக்கும். பகலுக்கு ஒரு தேவை, இரவுக்கு ஒரு தேவை என்றிருந்தால் டிரைவுக்கு ஈடு இல்லை.

மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் பம்பில் கதை வேறு. தொட்டி 30 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, முழு வேகத்தில் ஓட்டமே இல்லாத நிலையில் பம்பு 45 மீட்டர் வரை தள்ளும் என்று வைத்துக்கொள்வோம். உயரம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், 80 விழுக்காடு வேகத்தில் அது 28.8 மீட்டர்தான் தள்ளும். தொட்டிக்கு ஒரு சொட்டும் போகாது. பம்பு தனக்குள்ளேயே தண்ணீரைக் கலக்கிச் சூடாக்கிக்கொண்டிருக்கும். மும்மடிக் கணக்கைக் காட்டி விற்கும் விலைப்புள்ளிகளில் இந்த உயரக் கணக்கும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எப்போதும் முழு வேகத்தில் ஓட வேண்டிய பம்புக்கும் டிரைவ் வீண். மிச்சம் ஒன்றுமில்லாததோடு, டிரைவே 2 முதல் 5 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும்.

உயரமே முக்கியமாக இருந்து தேவையும் மாறினால், ஒரு பெரிய பம்புக்குப் பதில் இரண்டு மூன்று சிறிய பம்புகளை இணையாக வைத்து, வேண்டியபோது ஒன்றைப் போடுவதும் நிறுத்துவதும் சிக்கனம். பம்பு தன் உச்சத்திறன் ஓட்டத்தில் பாதிகூட ஓடாமல் கிடந்தாலும் மாற்றிவிடுவதே சரி. அந்த நிலையில் தண்டின் மீது பக்கவாட்டு விசை கூடி, சீலும் பேரிங்கும் அடிக்கடி போகும். அந்தச் செலவு மின்கட்டணத்தில் தெரியாமல் பராமரிப்புக் கணக்கில் ஒளிந்திருக்கும்.

எல்லா வால்வையும் குறை சொல்ல வேண்டியதில்லை. நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடும் சிறு பம்பில் வால்வைத் திருகி வைப்பதே போதும். அங்கே டிரைவ் போட்ட காசு திரும்பாது. மற்றவற்றுக்கு, விலை விசாரிப்பதற்கு முன் ஒரு வாரம் ஷிஃப்ட் வாரியாக ஓட்டம், அழுத்தம், ஆம்பியர் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். அந்தக் குறிப்பு இல்லாமல் எந்த விலைப்புள்ளியையும் ஏற்கக் கூடாது.