சரியான கனெக்டர் எது?

ஒரு காரின் பானெட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே பல நிறங்களில் ஒயர்கள் ஓடும். விளக்குக்கு ஓர் ஒயர். ஹாரனுக்கு ஓர் ஒயர். விசிறிக்கு ஓர் ஒயர். ஒவ்வோர் ஒயரின் நுனியிலும் ஓர் உலோக முனை இருக்கும். அந்த முனைதான் ஒயரை மற்றொரு பொருளோடு சேர்க்கிறது. அதற்குக் கனெக்டர் என்று பெயர். பட்டறையில் லக் என்பார்கள். திம்பிள் என்றும் சொல்வார்கள். பல முனைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கூட்டுக்குக் கப்ளர் என்று பெயர்.

கனெக்டர் சிறிய பொருள். விலையும் குறைவு. ஆனால் பொருந்தாத கனெக்டரால் விளக்கு மங்கும். ஹாரன் அடிக்காது. சில சமயம் வண்டியே தீப்பிடிக்கும்.

12 வோல்ட்தானே, என்ன ஆகும்?

கார் பேட்டரி 12 வோல்ட். பொதுவாக அதைத் தொட்டால் ஷாக் அடிப்பதில்லை. அதனால் கார் ஒயரிங்கைப் பலர் விளையாட்டாக நினைக்கிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கார் பல்பின் மேல் சிறிய எழுத்தில் எண்கள் இருக்கும். 12 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது வோல்ட். 55 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ‘டபிள்யூ’ இருந்தால் அது வாட்.

55 வாட் பல்புகள் இரண்டு. மொத்தம் 110 வாட். 110ஐ 12ஆல் வகுங்கள். 9க்குச் சற்று மேல் வருகிறது. அதாவது ஒயரில் 9 ஆம்பியர் மின்னோட்டம் ஓடுகிறது.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அங்கே அதே 110 வாட்டுக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். காரில் மின்னோட்டம் ஏறக்குறைய 19 மடங்கு! இவ்வளவு மின்னோட்டம் தளர்ந்த இணைப்பு வழியாகப் போனால் அந்த இடம் சூடாகும். பிளாஸ்டிக் உருகும். புகை வரும்.

தில்லியில் ஒரு பேச்சு

தில்லியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் அடர்ந்த பனிமூட்டம் இறங்கும். எதிரே வரும் வண்டி தெரியாது. ஒரு டாக்சி ஓட்டுநர் தன் வண்டியில் இரண்டு பனி விளக்குகளைத் தானே பொருத்த நினைத்தார். பழைய தில்லியில் காஷ்மீரி கேட் என்ற இடம் இருக்கிறது. அங்கே மோட்டார் உதிரி பாகக் கடைகள் ஏராளம். அங்கே போவதற்கு முன் வயதான ஒயரிங் மிஸ்திரியிடம் யோசனை கேட்டார். அந்த ஊரில் மிஸ்திரியை ‘மிஸ்திரிஜி’ என்று மரியாதையாக அழைப்பார்கள். பெரியவர்கள் இளையவர்களை ‘பேட்டா’ என்பார்கள். பேட்டா என்றால் மகன்.

ஓட்டுநர்: மிஸ்திரிஜி, விளக்கு வாங்கிவிட்டேன். இரண்டு ஒயரையும் முறுக்கி டேப் சுற்றினால் போதாதா? கனெக்டர் செலவு மிச்சமாகுமே.

மிஸ்திரி: வேண்டாம், பேட்டா. எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை இளகும். வண்டி குலுங்கக் குலுங்க முறுக்கு தளரும். தண்ணீர் இறங்கினால் செம்பில் பச்சை பூக்கும்.

ஓட்டுநர்: ஆபத்து வந்தால் ஃப்யூஸ் போய்விடுமே?

மிஸ்திரி: எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அளவுக்கு மேல் மின்னோட்டம் ஓடினால்தான் ஃப்யூஸ் போகும். தளர்ந்த இணைப்பில் மின்னோட்டம் கூடுவதில்லை. சூடுதான் கூடுகிறது. ஃப்யூஸ் சும்மா இருக்கும். இணைப்பு எரிந்துகொண்டிருக்கும்.

ஓட்டுநர்: அப்படியா! சரி, கடையில் என்ன கேட்பது?

மிஸ்திரி: கடைக்காரரைக் கேட்பதற்கு முன் உன்னையே மூன்று கேள்வி கேள். ஒயர் எவ்வளவு பருமன்? எதில் மாட்டப் போகிறாய்? அந்த இடத்தில் தண்ணீர் படுமா? மூன்றுக்கும் பதிலைச் சீட்டில் எழுதிக்கொண்டு போ.

முதல் கேள்வி: ஒயர் எவ்வளவு பருமன்?

ஒயரின் பருமனைச் சதுர மில்லிமீட்டரில் சொல்வார்கள். கடையில் ‘2.5 ஸ்கொயர்’ என்று கேட்டால் புரியும். ஒயர் சுருளின் மேல் இந்த எண் அச்சாகியிருக்கும்.

பிளாஸ்டிக் உறை போட்ட லக்குகள் மூன்று நிறங்களில் வரும்.

சிவப்பு: 0.5 முதல் 1.5 வரை
நீலம்: 1.5 முதல் 2.5 வரை
மஞ்சள்: 4 முதல் 6 வரை

பெரிய லக்கில் மெல்லிய ஒயரைப் போட்டால் நழுவிவிடும். சிறிய லக்கில் தடித்த ஒயர் நுழையாது. சிலர் செம்பு இழைகளில் பாதியை வெட்டிவிட்டு நுழைப்பார்கள். அது தவறு. இழை குறைந்தால் அந்த இடம் சூடாகும்.

இரண்டாம் கேள்வி: எதில் மாட்டப் போகிறோம்?

போல்ட்டில் மாட்டுவதற்கு வளைய லக் வேண்டும். போல்ட்டின் பருமனை அளந்து, அதே அளவுத் துளை உள்ள லக்கை வாங்குங்கள். துளை பெரிதாக இருந்தால் லக் சரியாகப் படியாது.

ரிலே, ஹாரன் போன்றவற்றில் தட்டையான நாக்கு இருக்கும். அதன்மேல் செருகும் லக் வேண்டும். நாக்கின் அகலத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 6க்குச் சற்று மேல் இருந்தால் அது 6.3 மில்லிமீட்டர். 5க்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 4.8. 3க்குச் சற்றுக் குறைவாக இருந்தால் 2.8. காரில் போடும் சாதாரண ரிலேயில் பெரும்பாலும் 6.3தான் இருக்கும். 4.8 நாக்கில் 6.3 லக்கைச் செருகிவிட்டு பிளேயரால் நசுக்காதீர்கள். அது குலுக்கலில் கழன்றுவிடும்.

சில ஒயர்களில் உருண்டையான முனை இருக்கும். அது புல்லட் கனெக்டர். அதில் ஆண் முனை, பெண் முனை என்று இரண்டு உண்டு. ஜோடியாக வாங்குங்கள்.

மூன்றாம் கேள்வி: தண்ணீர் படுமா?

டாஷ்போர்டுக்குள் தண்ணீர் படாது. அங்கே சாதாரண லக் போதும். பனி விளக்கு பம்பரில் இருக்கிறது. மழைநீரும் சேறும் தெறிக்கும். அங்கே ரப்பர் சீல் உள்ள கப்ளர் வேண்டும். ரிலேயைத் தண்ணீர் படாத மூலையில் பொருத்துங்கள். அதன் முனைகள் கீழ்நோக்கி இருக்கட்டும்.

ரிலேயின் எண்கள்

ரிலேயின் அடியில் நான்கு எண்கள் உண்டு. 30க்கு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ஒயர் வரும். 87லிருந்து விளக்குக்குப் போகும். 85, 86 இரண்டில் ஒன்று சுவிட்சுக்கு. மற்றொன்று எர்த்துக்கு. சில ரிலேயில் 87க்குப் பக்கத்தில் ‘ஏ’ என்ற எழுத்துடன் ஐந்தாவது முனை இருக்கும். அது சுவிட்ச் போடாதபோது மின்சாரம் வரும் முனை. விளக்கை அதில் மாட்டக் கூடாது.

ஓட்டுநரின் சீட்டு

விளக்கு ஒயர் 2.5 ஸ்கொயர். சுவிட்ச் ஒயர் 1 ஸ்கொயர். ஓட்டுநர் எல்லாவற்றையும் அளந்து இப்படி எழுதினார்:

பேட்டரிக்கு வளைய லக், நீலம், 8 மி.மீ. துளை – 1
விளக்கு எர்த்துக்கு வளைய லக், நீலம், 6 மி.மீ. துளை – 2
ரிலே எர்த்துக்கு வளைய லக், சிவப்பு, 6 மி.மீ. துளை – 1
ரிலே 30க்குச் செருகும் லக், நீலம், 6.3 – 1
ரிலே 87க்குச் செருகும் லக், மஞ்சள், 6.3 – 1
ரிலே 85, 86க்குச் செருகும் லக், சிவப்பு, 6.3 – 2
சீல் உள்ள இரண்டு முனைக் கப்ளர், 2.5 ஒயருக்கு – 2 ஜோடி
2.5 ஒயருடன் ஃப்யூஸ் ஹோல்டர் – 1
ஃப்யூஸ் 15 ஆம்பியர் – 1

87க்கு மட்டும் ஏன் மஞ்சள்? இரண்டு விளக்குகளின் ஒயர்களும் அந்த ஒரே லக்கில் சேர்கின்றன. 2.5உம் 2.5உம் சேர்ந்தால் 5. 5க்கு மஞ்சள்தான் பொருந்தும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்

ஃப்யூஸுக்கும் நிறம் உண்டு. சிவப்பு 10 ஆம்பியர். நீலம் 15. மஞ்சள் 20. லக்கின் நீலம் வேறு, ஃப்யூஸின் நீலம் வேறு. நிறம் ஏமாற்றலாம். ஆகவே எப்போதும் மேலே அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். 15 போட வேண்டிய இடத்தில் 30 போடாதீர்கள். ஃப்யூஸ் போவதற்கு முன் ஒயர் எரிந்துவிடும்.

வேலை செய்யும் முறை

1. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றுங்கள். வேலை முடிந்ததும் அதைக் கடைசியாக மாட்டுங்கள். காரின் பாடி மைனஸோடு சேர்ந்தது. மைனஸைக் கழற்றாமல் பிளஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும்.

2. லக்கின் குழாய் எவ்வளவு நீளமோ அவ்வளவு மட்டும் ஒயரின் தோலைச் சீவுங்கள். இழைகள் அறுபடக் கூடாது.

3. கிரிம்பிங் பிளேயரால் அழுத்துங்கள். அதில் சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளிகள் இருந்தால், லக்கின் நிறமுள்ள பள்ளத்தில் வைத்து அழுத்துங்கள். சுத்தியலால் தட்டாதீர்கள்.

4. கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த லக்கை எறிந்துவிட்டு வேறு போடுங்கள்.

5. எர்த் மாட்டும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டுங்கள். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது.

6. விளக்கைப் பத்து நிமிடம் எரியவிட்டு அணையுங்கள். பிறகு இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த இணைப்பு சரியில்லை.

இவற்றைத் தொடாதீர்கள்

காரில் மஞ்சள் உறை, மஞ்சள் கப்ளர் உள்ள ஒயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகும். தவறாகத் தொட்டால் ஏர்பேக் வெடித்து விரியலாம். மின்சாரக் காரிலும் ஹைபிரிட் காரிலும் ஆரஞ்சு நிற ஒயர்கள் உண்டு. அவற்றில் உயிரைப் பறிக்கும் அளவு வோல்ட் இருக்கும். இந்த வேலைகளைப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

பதில் எழுதுங்கள்

1. இணைப்பு எரியும்போதும் ஃப்யூஸ் போகாமல் இருப்பது ஏன்?
2. 4 ஸ்கொயர் ஒயருக்கு எந்த நிற லக் வேண்டும்?
3. எல்.இ.டி. விளக்குகள் இரண்டு. ஒவ்வொன்றும் 18 வாட். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் ஓடும்?

செய்து பாருங்கள்

பழைய ரிலே ஒன்றைக் கையில் எடுங்கள். அதன் எண்களைப் படித்து எழுதுங்கள். ஒரு நாக்கின் அகலத்தை அளந்து எழுதுங்கள். பிறகு அதற்கு வேண்டிய லக்குகளுக்கு உங்கள் கையாலேயே ஒரு கடைச் சீட்டு எழுதுங்கள்.