பண்டிகைப் பானைக்கு ஏற்ற அரிசி

மூதூர்ப் பகுதியிலே பெரும்போக நெல் பெரும்பாலும் மாசி, பங்குனி மாதங்களில் அறுவடையாகின்றது. தைப்பொங்கலோ அதற்கு முன்னரே வந்துவிடுகின்றது. ஆதலின், முந்தி விதைத்த சில வயல்கள் நீங்கலாக, பொங்கற் பானையில் இடப்படுவது சென்ற சிறுபோகத்துப் பழைய அரிசியே. சித்திரைப் புத்தாண்டுக்குத்தான் புது அரிசி வீடுதோறும் கிடைக்கும். நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் பிறைக் கணக்கின்படி ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாட்கள் முந்தி வருவதால், அவற்றுக்குக் கிடைக்கும் அரிசியின் வயதும் மாறிக்கொண்டே போகும். ஆகவே, நாளைப் பார்த்தன்றி நெல்லின் வயதைப் பார்த்தே உலைநீரை அளத்தல் வேண்டும்.

புது அரிசியும் பழைய அரிசியும்

புது அரிசி குறைந்த நீரிலே வெந்து, விரைவில் குழைந்து ஒட்டும். சில மாதம் சேமித்த நெல்லின் அரிசி கூடுதலான நீரை உறிஞ்சி, பருத்து, பருக்கை பருக்கையாக நிற்கும். பொங்கல், பாற்சோறு ஆகியவற்றுக்குப் புது அரிசி நன்று. நெய்ச்சோறு, புரியாணி ஆகியவற்றுக்குப் பழைய அரிசியே ஏற்றது.

பொங்கலுக்கு ஒரு சுண்டு பழைய பச்சையரிசிக்கு 4 சுண்டு நீரும், புது அரிசிக்கு 3 முதல் 3½ சுண்டு நீரும் கொள்ளலாம். முதலில் குறைவாக வைத்து, வேண்டியபோது கொதிநீர் சேர்த்தலே பாதுகாப்பான முறை.

புதிருக்கு அறுக்கும்போது

பொங்கலுக்கெனச் சிறிதளவு முந்தி அறுக்க விரும்புவோர், கதிரில் நூற்றுக்கு 85 மணிகளாவது பொன்னிறமடைந்த பாத்தியையே தெரிதல் வேண்டும். பச்சை மணிகள் குற்றும்போது நொறுங்கித் தவிடாகும். அறுத்த நெல்லை மெல்லிய படையாகப் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்துக. உச்சி வெயிலில் சீமெந்துத் தளத்திலே சடுதியாகக் காய்ந்த மணி உள்ளே வெடித்து, குறுநொய்யாகும்.

அடுப்படியிற் கவனிக்க வேண்டியன

1. அரிசியை அரிக்கன் சட்டியிலிட்டுக் கல் நீக்குக.

2. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பயறு போதும். பயற்றை இளஞ்சூட்டில் வறுத்து, உடைத்துத் தோல் நீக்குக.

3. அரிசி நன்றாக வெந்த பின்னரே சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். முந்திச் சேர்த்தால் மணி மேலும் மென்மையாகாது. சர்க்கரையை நீரிற் கரைத்து வடித்தால் மண் நீங்கும்.

4. தேங்காயின் இரண்டாம் பாலை அரிசியுடன் சேர்த்து வேகவிடலாம். முதற்பாலை இறுதியில் விட்டு, கொதிக்கவிடாது இறக்குக. மிகுதியாகக் கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் பிரியும்.

5. தவிடு நீக்காத சிவப்பரிசியைப் பண்டிகைக்குச் சில நாட்களின் முன் மட்டும் குற்றுவிக்க. தவிட்டிலுள்ள எண்ணெய் நாளடைவிற் சிக்கல் நாற்றம் கொள்ளும்.

எச்சரிக்கை

பூசண மருந்து கலந்த விதைநெல் மிஞ்சினால், அதனைக் கழுவியோ அவித்தோ உணவாக்கல் ஆகாது. கோழிக்கும் மாட்டுக்கும் இடலும் ஆகாது. அத்தகைய சாக்கை உணவு நெல்லுடன் ஒரே அறையில் வையாது, பிள்ளைகளுக்கு எட்டாத வேறிடத்தில் அடையாளமிட்டு வைத்தல் கமக்காரரின் கடமையாகும்.

நெல்லைச் சாக்கிலிடும் அன்றே இனத்தின் பெயரையும் அறுவடை மாதத்தையும் எழுதிய அட்டையொன்றை அதிற் கட்டிவிடுக. அடுப்படியில் நிற்பவருக்கு நீரளவை அறிய அந்த அட்டையே போதும்.