புற்றுநோய் ஒட்டிக்கொள்ளுமா?

ஒரு வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் போதும், அவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு வந்துவிடும். 'நமக்கும் ஒட்டிக்குமோ'ன்னு பயம். இன்னொரு பக்கம், 'அதெல்லாம் தலையெழுத்து, யாராலும் தடுக்க முடியாது'ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. இரண்டுமே சரியில்லை. ஏன் என்று பார்ப்போம்.

கோழியில் கிடைத்த துப்பு

1911-ல் நியூயார்க்கில் பேட்டன் ரவுஸ் என்ற விஞ்ஞானி ஒரு கோழியின் கட்டியை அரைத்து, மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்தார். செல்லோ பாக்டீரியாவோ அதில் புக முடியாது. வடிந்த நீரை வேறு கோழிகளுக்கு ஊசியில் ஏற்றினார். அவற்றுக்கும் கட்டி வந்தது! பாக்டீரியாவை விடச் சின்னதான வைரஸ்தான் காரணம். அன்று பலர் நம்பவில்லை. 55 வருடம் கழித்து, 1966-ல்தான் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கட்டியை உண்டாக்கும் அந்த வைரஸ் மரபணுவின் பெயர் 'சார்க்'. 1976-ல் பிஷப், வார்மஸ் குழுவினர் ஒரு ஆச்சரியத்தைக் காட்டினார்கள். சார்க் வைரஸின் சொந்தச் சரக்கே இல்லை. நோயில்லாத கோழியின் செல்லிலும் அது இருக்கிறது. வைரஸ்தான் எப்போதோ அங்கிருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. இதே மாதிரி மரபணுக்கள் நம் செல்களிலும் உண்டு.

ஆக்சிலரேட்டரும் பிரேக்கும்

ஒரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். செல்லைப் பெருகச் சொல்லும் மரபணுக்கள் ஆக்சிலரேட்டர். சார்க் அந்த வகை. 'நில்' என்று சொல்பவை பிரேக். முக்கியமான பிரேக் இரண்டு. ஆர்.பி. என்ற புரதம், உத்தரவு வரும்வரை செல்லைப் பிரியவிடாமல் பிடித்து வைக்கும். பி-53 என்ற புரதம் ஒர்க்‌ஷாப் இன்ஸ்பெக்டர் மாதிரி. டி.என்.ஏ.வில் பழுது தெரிந்தால் வேலையை நிறுத்தும்; சரிசெய்யவே முடியாவிட்டால் அந்தச் செல்லைச் சாகவைத்துவிடும்.

பிரேக்கைப் பிடுங்கும் வைரஸ்

ஜெர்மனியில் ஹெரால்ட் சூர் ஹௌசன் குழுவினர் 1983-லும் 1984-லும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க் கட்டிகளில் எச்.பி.வி. என்ற வைரஸின் 16, 18 வகைகளைக் கண்டுபிடித்தார்கள். இந்தப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்கு இந்த இரண்டு வகைகளே காரணம். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வைரஸிடம் இ-6, இ-7 என்று இரண்டு புரதங்கள். இ-7 போய் ஆர்.பி.யைப் பிடித்துக்கொள்ளும். இ-6, பி-53-ஐ அழிக்க வைக்கும். இரண்டு பிரேக்கும் போச்சு! ஆனாலும் உடனே புற்றுநோய் வந்துவிடாது. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருடத்தில் உடம்பே வைரஸை விரட்டிவிடும். விரட்ட முடியாத சிலருக்குத்தான், பழுதான டி.என்.ஏ.வோடு செல்கள் பிரிந்து பிரிந்து, பழுது மேல் பழுது சேரும். அது புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 வருடம் ஆகும். அவ்வளவு காலம் நமக்குக் கையில் இருக்கிறது என்பதுதான் இதில் நல்ல சேதி.

கல்லீரலில் கதை கொஞ்சம் வேறு. ஹெபடைடிஸ் பி வைரஸ் வருடக்கணக்கில் தங்கினால் கல்லீரல் புண்ணாகி, செல்கள் செத்துப் புதிது புதிதாக உண்டாகும். ஒவ்வொரு முறை டி.என்.ஏ. நகலெடுக்கும்போதும் தப்பு வர ஒரு வாய்ப்பு. தைவானில் 1984-ல் குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசி போட ஆரம்பித்தார்கள். 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் கல்லீரல் புற்றுநோய் பிறகு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தடுப்பூசியால் புற்றுநோயைத் தடுக்கலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அப்போ, ஒட்டுமா?

புற்றுநோய் ஒட்டாது. நோயாளியைத் தொடலாம், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஒட்டுவது சில வைரஸ்கள்தான். எச்.பி.வி. உடலுறவு மூலம் பரவும். ஹெபடைடிஸ் பி இரத்தம், சுத்தமில்லாத ஊசி, உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளைக்கு என்று பரவும். சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது. எல்லாப் புற்றுநோயும் வைரஸால் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். புகையிலை போன்ற வேறு காரணங்கள் நிறைய உண்டு.

நாம் செய்ய வேண்டியது

இந்தியப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். இதற்கான தடுப்பூசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது மிக நல்லது. நம் நாட்டில் தயாரான ஊசியே 2023-ல் வந்துவிட்டது. 30 வயது தாண்டிய பெண்கள், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். புற்றாக மாறும் முன்பே கண்டுபிடித்தால் எளிதாகக் குணப்படுத்தலாம். குழந்தை பிறந்ததும் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடும் ஹெபடைடிஸ் பி ஊசியையும் தவறவிடக் கூடாது.

'இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்'னு பையன்கள் ஒதுங்க வேண்டாம். எச்.பி.வி. ஆண்களுக்கும் தொண்டைப் புற்றுநோயைத் தரும். வீட்டில் இதைப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கும். நம் அம்மாக்கள் நமக்கு ஜுரம் என்றால் ஓடுவார்கள், தங்களுக்கென்று ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டார்கள். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவிடமோ அக்காவிடமோ ஒரு தடவை பேசிப் பாருங்கள். முடிந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.