அலை வருமுன்

2004 டிசம்பர் 26 காலை, சுமத்ராவுக்கு அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அங்கெழுந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. கரையிலிருந்து விலகிச் செல்ல அக்கால அளவு போதுமானதே. எனினும், இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு இல்லாமையால் அந்நேரம் வீணாயிற்று. பல நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இப்பேரிழப்பே நாடுகளை ஒன்றிணைத்தது. யுனெஸ்கோவின் ஒருங்கிணைப்பில் எச்சரிக்கை அமைப்பு உருவானது. 2007இல் ஐதராபாத்தில் இந்திய மையம் செயல்படத் தொடங்கியது. இன்று இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் மையங்கள் கடலைக் கண்காணித்துப் பிற நாடுகளுக்கும் அறிவிக்கின்றன.

2015 மார்ச்சில் ஜப்பானின் செண்டாய் நகரில் கூடிய நாடுகள், பேரிடர் இடர்வாய்ப்பை முன்னரே குறைப்பதற்கான செயல்திட்டத்தை ஏற்றன. அதே ஆண்டு ஐ.நா. அவை ஏற்ற 17 வளங்குன்றா வளர்ச்சி இலக்குகளுக்கும் இது துணைநிற்கும். பல்லாண்டு உழைத்துப் பெற்ற வீடும் படகும் ஒரே நாளில் அழியுமாயின், வளர்ச்சி எங்ஙனம் நிலைக்கும்?

மையத்தின் செய்தி கடற்கரைக் குடிசையை எட்டினால்தான் உயிர் காக்கும். ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி ஆகிய ஊர்கள் அதற்கெனத் தம்மை ஆயத்தப்படுத்தி, 2020இல் யுனெஸ்கோவின் ஏற்பைப் பெற்றன. எச்சரிக்கையை உலகம் தரும். மேட்டுநிலம் நோக்கி விரைய வேண்டியவை நம் கால்களே.